ஆயாம்மாவுக்கும் ஒரு நாற்காலி

செப்டம்பர் 1, 2025, திங்கள்

இன்று மாதாந்திரக் கூட்டம். என் பிரிவில் 24 அங்கன்வாடி மையங்கள். 22 டீச்சர்கள் வந்திருந்தார்கள். ஒன்றே கால் மணி நேரம் பேசினேன். அத்தனையும் கைபேசிச் செயலியைப் பற்றித்தான். யார் எடையைப் பதிவு செய்யவில்லை, யார் முகப்பதிவு முடிக்கவில்லை, எந்த மையம் பட்டியலில் கடைசி. ஜூலை 1 முதல் வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவுக்கு முகப்பதிவு (வாங்குபவரின் முகத்தைக் கைபேசியில் படமெடுத்துச் சரிபார்ப்பது) கட்டாயம் ஆன பிறகு எங்கள் கூட்டங்கள் எல்லாமே இப்படித்தான் போகின்றன.

கடைசியில் இருந்தது குளத்தங்கரை மையம். அந்த டீச்சரை எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நிற்கச் சொல்லிக் காரணம் கேட்டேன். அவர் சத்தம் போடவில்லை. "முடியல மேடம். எழுதிக் கொடுத்துட்டுப் போயிடலாம்னு இருக்கேன்" என்றார்.

19 வருட சர்வீஸ். என் பிரிவில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மேற்பார்வையாளராகும் முன் நானும் 11 வருடம் டீச்சராக இருந்தவள்தான். என்னை யாராவது அப்படி நிற்க வைத்திருந்தால் அன்று இரவு சாப்பிட்டிருக்க மாட்டேன். அவர் சாப்பிட்டாரோ என்னவோ.

செப்டம்பர் 4, வியாழன்

வாட்ஸ்அப் குழுவில் தினமும் மாலை ஐந்து மணிக்கு நான் போடும் 'பின்தங்கிய மையங்கள்' பட்டியலை நிறுத்திவிட்டேன். யாருக்கு எது பாக்கியோ அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறேன். மேலே இருந்து ஏன் பட்டியல் இல்லை என்று கேட்டார்கள். எண்ணிக்கை மாதக் கடைசியில் வந்து சேரும் என்றேன். சரி, அது என் பொறுப்பு.

செப்டம்பர் 10, புதன்

வழக்கமாக ஒரு மையத்தில் அரை மணி நேரம்தான் இருப்பேன். பதிவேடுகளைப் பார்ப்பேன், இருப்பு அரிசியைப் பார்ப்பேன், கையெழுத்துப் போட்டுக் கிளம்புவேன். இன்று குளத்தங்கரையில் காலையிலிருந்து மாலை வரை இருந்தேன். முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் போனேன். திடீர்ச் சோதனை என்று அவர் நினைத்துவிடக் கூடாது.

சம்பா நடவு நேரம். பெண்கள் விடிந்ததும் வயலுக்குப் போய்விடுகிறார்கள். நான் போனபோதே வாசலில் ஆறு பிள்ளைகள், ஒரு பாட்டியோடு. டீச்சர் வந்து கதவைத் திறந்து, பெருக்கி, தண்ணீர் பிடித்து வைத்தார். ஆயாம்மா மே மாதம் ஓய்வு பெற்றதிலிருந்து அந்த இடம் காலி. இது எனக்குத் தெரியாத சேதி இல்லை, என் காலியிடப் பட்டியலில் ஒரு வரியாக இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வரி நாள் முழுவதும் எப்படி நடக்கிறது என்பதை இன்றுதான் பார்த்தேன்.

22 பிள்ளைகள். புதன்கிழமை என்பதால் காய்கறி புலாவும் முட்டையும். டீச்சரே காய் நறுக்குகிறார். அடுப்படியிலிருந்து பிள்ளைகள் கண்ணில் படுகிற மாதிரி பாயை இழுத்துப் போட்டு, நறுக்கிக்கொண்டே பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார். கேரட்டைத் தூக்கிக் காட்டி நிறம் கேட்கிறார், நறுக்கிய துண்டுகளை எண்ணச் சொல்கிறார். எந்தப் பயிற்சியிலும் அவருக்கு இதைச் சொல்லித் தந்ததில்லை. இரண்டு வயதுப் பெண் ஒன்று கால் சட்டையை நனைத்துவிட்டது. அடுப்பைத் தணித்துவிட்டுப் போய்க் கழுவி, மாற்றுத்துணி போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி மறுபடி அடுப்படிக்கு வந்தார். 22 முட்டையை உரிக்க எவ்வளவு நேரமாகும் என்று நான் மறந்தே போயிருந்தேன். பாதியை நான் உரித்தேன்.

ஒன்று மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. மையத்துக்கு வெளியே இருபதடி தூரத்தில் குளம். வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை வைத்திருக்கிறார். நாலு வயதுப் பையன் அதைச் சுலபமாகத் தாண்டிவிடுவான். "போனைக் கையில எடுத்தா கண்ணு கீழ போயிடுது மேடம். அதான் பிள்ளைங்க போற வரைக்கும் அதைத் தொடறதில்ல" என்றார். பட்டியலில் கடைசியாக இருந்ததற்குக் காரணம் இதுதான். அந்தக் குளத்தை வைத்துப் பார்த்தால் அவர் செய்தது முழுக்கச் சரி.

முகப்பதிவு நிற்பதற்கும் காரணம் கேட்டேன். ஏழு தாய்மார்களின் ஆதாரில் இருப்பது கணவன் நம்பர். கணவன்மார் திருப்பூரில். முகப்பதிவுக்கு வரும் ரகசிய எண் (ஓடிபி) அங்கே போகிறது. பனியன் கம்பெனியில் வேலை நேரத்தில் போன் எடுக்க முடியாது. அவர்கள் இரவில் கூப்பிடும்போது அந்த எண் காலாவதியாகி இருக்கிறது.

மையத்துப் பார்வைக் குறிப்பேட்டில் என் பழைய வரிகளைப் புரட்டினேன். 'பதிவேடுகள் சரிபார்க்கப்பட்டன. முன்னேற்றம் தேவை.' பக்கத்துக்குப் பக்கம் இதேதான். இன்று கேரட் எண்ணியதையும், பலகையையும், தனியாளாக 22 பேருக்குச் சூடாகப் பரிமாறியதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கூடவே, வாசலுக்குக் கம்பிக் கதவு உடனே தேவை என்றும். அவர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை, டீ போட்டுக் கொடுத்தார்.

செப்டம்பர் 12, வெள்ளி

புது ஆயாவை நியமிக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. ஆனால் பிள்ளைகள் குறைவாக இருக்கும் மையங்கள் என் பிரிவிலேயே இரண்டு உண்டு. அங்கிருந்து ஒரு ஆயாம்மாவை வாரத்துக்கு மூன்று நாள், முட்டை வேகும் நாட்களில், குளத்தங்கரைக்கு மாற்றுப் பணியாக அனுப்ப எழுத்து மூலம் அனுமதி வாங்கினேன். வாய்மொழியாக அனுப்பினால் நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் அந்த அம்மா தலையில்தான் விடியும். பஸ் காசுக்கும் வழி செய்து கேட்டிருக்கிறேன்.

திருப்பூர்க் கணவன்மாரிடம் பேசி, மதியச் சாப்பாட்டு இடைவேளையில் எண்ணை வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தோம். ஒரு மணிக்கு டீச்சரும் தாயும் தயாராக இருக்க வேண்டும். பிள்ளைகளை அந்த நேரம் நான் பார்த்துக்கொண்டேன். இன்று மட்டும் நாலு முடிந்தது.

செப்டம்பர் 17, புதன்

ஊட்டச்சத்து மாதம் இன்று தொடக்கம். ஒவ்வொரு வருடமும் 24 மையங்களும் 24 கண்காட்சி வைக்கும். பழம், பயறு, தோரணம் எல்லாம் பாதிக்கு மேல் டீச்சர்களின் கைக்காசு. இதை நன்றாகத் தெரிந்தும் நான் படம் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். இந்த வருடம் ஆறு மையங்களுக்கு ஒன்று. வீட்டு வேலியில் இருக்கும் முருங்கைக் கீரை, மையத்தில் இருக்கும் சத்துமாவு, இவ்வளவு போதும். யாரும் கடைக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

ஆயாம்மாக்களையும் சேர்த்து முதல் கூட்டம். இத்தனை வருடத்தில் அவர்களை நாங்கள் அழைத்ததே இல்லை. வந்தவர்கள் பழக்கத்தில் ஓரமாகத் தரையில் உட்காரப் போனார்கள். எல்லோருக்கும் நாற்காலி வாடகைக்கு எடுத்திருந்தேன். உட்கார வைப்பதற்குள் பத்து நிமிடம் ஆகிவிட்டது.

செயலியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. உங்கள் மையத்தில் எந்தப் பிள்ளையைப் பற்றிக் கவலையாக இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். பள்ளிவாசல் தெரு ஆயாம்மா, ஒரு மூன்று வயதுப் பையன் திங்கட்கிழமை மட்டும் இரண்டு தட்டுச் சாப்பிடுகிறான் என்றார். ஞாயிறு அந்த வீட்டில் சமையல் நடக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டும் என்றார். எந்தப் பதிவேட்டிலும் இது இல்லை. எடை அட்டவணையில் அவன் மஞ்சளுக்கு, அதாவது எடைக் குறைவுக்கு, வருவதற்கு இரண்டு மாதம் முன்பே அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வீட்டுக்கு நாளை டீச்சரும் அவரும் சேர்ந்து போகிறார்கள்.

அப்புறம் சம்பளப் பேச்சு வந்தது. வரத்தான் செய்யும், அதைத் தட்டிக்கழித்துவிட்டு ஊக்கம் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மத்திய அரசின் பங்கு 2018 அக்டோபரில் பணியாளருக்கு, அதாவது டீச்சருக்கு, மாதம் 4,500 ரூபாய், உதவியாளரான ஆயாம்மாவுக்கு 2,250 என்று உயர்ந்தது. அதற்கு மேல் மாநிலம் கொடுப்பது தனி. 2022 ஏப்ரலில் குஜராத் வழக்கு ஒன்றில், அங்கன்வாடிப் பணியாளர்களும் உதவியாளர்களும் 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டத்துக்குள் வருவார்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இதைச் சொன்னபோது பாதிப் பேருக்குப் புதுச் செய்தி. "அது நம்ம கைக்கு எப்ப வரும் மேடம்?" என்று ஒரு ஆயாம்மா கேட்டார். தேதி சொல்ல என்னால் முடியவில்லை. தீர்ப்பின் சுருக்கத்தைத் தமிழில் எழுதி ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன். இவர்கள் செய்வதைச் 'சேவை' என்று மேடையில் சொல்வதை நான் இனி நிறுத்திக்கொள்கிறேன். இது வேலை.

செப்டம்பர் 26, வெள்ளி

கம்பிக் கதவுக்கு ஊராட்சியில் அளவு எடுத்துப் போயிருக்கிறார்கள். வந்து மாட்டும் வரை விட மாட்டேன்.

அக்டோபர் 2, வியாழன்

இன்று விஜயதசமி, காந்தி ஜெயந்தியும் இன்றுதான். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்துக்கு இன்றோடு 50 வயது. 1975-இல் இதே நாளில் நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. 24 டீச்சர்களுக்கும், இருக்கிற ஆயாம்மாக்களுக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்து வாழ்த்துச் சொன்னேன். பொதுவாக ஒரு செய்தி தட்டிவிடவில்லை. ஒவ்வொருவரிடமும் இந்த மாதம் அவர் மையத்தில் நான் பார்த்த ஒன்றைச் சொன்னேன். மதியம் மூன்று மணி ஆகிவிட்டது. இரண்டு பேர் அழுதுவிட்டார்கள்.

குளத்தங்கரை டீச்சர் விடுமுறையிலும் மையத்தில்தான் இருந்தார். மூன்று புதுப் பிள்ளைகளுக்கு அரிசியில் எழுத வைத்துக்கொண்டிருந்தாராம். ராஜினாமாவைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வைக்கும்போது, "மேடம், நாளைக்கு எடை போடறோம். மாத்து ஆயாம்மாவும் வராங்க. புயம் அளக்கற நாடால நம்பர் அழிஞ்சு போச்சு, உங்ககிட்ட வேற இருந்தா கொண்டாங்க" என்றார்.

என்னிடம் அவர் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அலமாரியில் இரண்டு நாடா இருந்தது. இரண்டையும் பைக்குள் வைத்துவிட்டேன்.