தாலின் டோம் சர்ச்: புடுங்குனது டாக்சி, குடுத்தது மணிக்கோபுரம்

ஹெல்சின்கில இருந்து கப்பல்ல ரெண்டு மணி நேரம், எஸ்டோனியா தலைநகர் தாலின் வந்தாச்சு, அதுல சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா ஹார்பர் வாசல்ல நின்ன டாக்சிக்காரரைப் பத்தி சொல்லியே ஆகணும். டோம் சர்ச் இருக்குற டூம்பியா குன்றுக்கு நடந்தாலே அரை மணி நேரம்தான், அதுக்கு 25 யூரோவாம்! மீட்டர் போடுங்கன்னா காது கேக்காத மாதிரி ஜன்னலைப் பாக்குறாரு. போல்ட்ங்கிற டாக்சி ஆப் பொறந்த ஊர்லயே இந்தக் கொள்ளை. மழை, கையில பெட்டி வேற, ஏறித் தொலைச்சோம்.

செயின்ட் மேரி கதீட்ரல்தான் பேரு, ஊர்ல டோம் சர்ச்னுதான் சொல்றாங்க. வெளிய வெள்ளையடிச்சு சிம்பிளா இருக்கு, ஆனா உள்ள போனா சுவர் பூரா மரத்துல செதுக்குன பிரபுக்களோட குலச்சின்னம், மொத்தம் 107, சிலது ஆள் உயரத்துக்கும் மேல. ஒவ்வொண்ணும் சாவு ஊர்வலத்துல தூக்கிட்டு வந்து மாட்டுனது. கதவு வச்சு அடைச்ச பெஞ்சு, பணக்காரக் குடும்பத்துக்குன்னு தனி பாக்ஸ், சாமி முன்னாடியும் ரிசர்வேஷன்தான். 1684ல தீ புடிச்சு எரிஞ்சப்புறம் கிறிஸ்டியன் ஆக்கர்மன் செதுக்குன பிரசங்க மேடையை மட்டும் பக்கத்துல நின்னு பாருங்க. உலகத்தைச் சுத்திவந்த முதல் ரஷ்யப் பயணத்தோட தலைவர் குரூசென்ஷ்டெர்ன் கல்லறையும் இங்கதான். வாசல் தரையில டூவேன்னு ஒரு பிரபுவோட கல்லு, பெண் பித்தனாம், வர்றவங்க மிதிச்சாவது பாவம் போகட்டும்னு அங்க புதைக்கச் சொன்னதா கதை. எல்லாரும் மிதிக்கிறாங்க, நானும்தான்.

டவருக்கு எக்ஸ்ட்ரா காசுன்னதும் கணக்குப் போட்டேன், அப்புறம் வாங்கிட்டேன், நல்லவேளை! 69 மீட்டர் கோபுரம், உச்சியில இருக்குற பரோக் பாணி கூம்பு 1779ல வச்சது. படி ஒடுக்கம், எதிர்ல ஆள் வந்தா சுவரோட சுவரா ஒட்டிக்கணும், முட்டி வலி இருக்குறவங்க வேணாம். கோபுரத்துல தொங்குற நாலு மணியில ரெண்டு 17ம் நூற்றாண்டு மணி. மேல போனா செவப்பு ஓட்டுக் கூரை, ஓலெவிஸ்தேங்கிற இன்னொரு சர்ச்சோட கோபுரம், பின்னாடி பால்டிக் கடல், மழை விட்ட வெளிச்சத்துல எங்க திரும்புறதுன்னே தெரியல.

கீழ வந்து கருப்பு ரொட்டி மேல கிலுன்னு ஒரு பொடி மீனு, மேல முட்டை, கொஞ்சம் வெங்காயத்தாள், நம்ம நெத்திலிக் கருவாடு உப்பு அப்படியே நாக்குல. இன்னொண்ணு வாங்குனேன், பட்ஜெட் போனாப் போகுதுன்னு.

பக்கத்துல இருக்குற அலெக்ஸாண்டர் நெவ்ஸ்கி ரஷ்ய சர்ச் ஃப்ரீ, கூட்டமும் அங்கதான் அள்ளுது. எனக்கு அது சுமார்தான். காசு குடுத்தாலும் டோம் சர்ச்சுக்கே போங்க, டவர் எத்தனை மணி வரைக்கும்னு டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கங்க.