வரிசையின் ஓரத்தில் ஓர் இடம்: ஒரு பருவத்தின் நாட்குறிப்பு

30 ஆகஸ்ட் 2024, வெள்ளி

எதிர் வீட்டுப் பையனின் ஆட்டத்தைப் பார்க்க இன்றிரவு அவனுடைய பள்ளி மைதானத்துக்குப் போயிருந்தேன். அட்லாண்டாவுக்கு வடக்கே இந்த ஃபோர்சைத் கவுண்டியில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாக இருந்தாலும், வெள்ளிக்கிழமை இரவில் அமெரிக்கக் கால்பந்து பார்க்கப் போகிறவர்கள் குறைவு. எனக்கு இந்த ஆட்டத்தில் பிடிப்பு ஏற்பட்டது இவனால்தான். ஆறடி ஐந்து அங்குல உயரம், 108 கிலோ எடை. பள்ளியில் இது அவனுக்குக் கடைசி ஆண்டு. அவன் ஆடும் இடத்துக்கு டைட் எண்ட் என்று பெயர்.

பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் மதில்போல் நிற்கும் ஐந்து பேருக்குப் பக்கத்தில், வரிசையின் ஓரத்தில் ஒட்டி நிற்பவர் டைட் எண்ட். ஒரு முறை பந்து நகரும்போது அவர் ஆறாவது மதிற்கல்லாக நின்று, தன்னைவிடக் கனமான ஒருவனைத் தடுக்க வேண்டும். அடுத்த முறையே அதே இடத்திலிருந்து ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்க வேண்டும். இன்று மூன்றாவது கால்பகுதியில் அவன் விரல்களில் வெள்ளைப் பட்டி சுற்றிய இடக்கையைப் புல்லில் ஊன்றி நின்றதைக் கம்பி வேலிக்கு இப்புறமிருந்து பார்த்தேன். பந்து நகர்ந்ததும் முதல் அடியை ஒரு சாண் அளவுக்குத்தான் எடுத்து வைத்தான். எதிரியின் நெஞ்சுக்குக் கீழே இரு கைகளையும் கொடுத்து அவனை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனான். அந்த இடைவெளியில் நுழைந்த பையன் பத்து யார்டு ஓடியதற்கு எல்லோரும் எழுந்து ஆரவாரம் செய்தார்கள். வழியைத் திறந்துவிட்டவனைப் பார்த்துக் கைதட்டியவர் அவனுடைய அப்பா ஒருவர்தான்.

கோடையிலேயே ஒரு கல்லூரிக்கு வருவதாக அவன் வாய்மொழியாக ஒப்புக்கொண்டுவிட்டான். முழு உதவித்தொகை. அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

15 செப்டம்பர் 2024, ஞாயிறு

நேற்று ஜார்ஜியா பல்கலைக்கழகம் கென்டக்கியை 13-12 என்று ஒரே புள்ளியில் வென்று தப்பித்தது. அதைப் பற்றிப் பேசத்தான் பையனின் அப்பா காலையில் வந்தார். பேச்சு வழக்கம்போல் ஜார்ஜியாவின் முன்னாள் டைட் எண்ட் பிராக் போவர்ஸிடம் போய்ச் சேர்ந்தது.

குவார்ட்டர்பேக் இல்லாத அணி கிடையாது. எந்தக் கல்லூரிக்குப் போனாலும் குவார்ட்டர்பேக்குக்குத் தன் இடம் அங்கே இருக்கும் என்று தெரியும். டைட் எண்டே இல்லாமல் ஆடும் அணி உண்டு. அதனால்தான் கல்லூரி அணி எந்த முறையில் தாக்குகிறது என்ற கேள்வி மற்ற எவரையும்விட இந்த இடத்துப் பையன்களை அதிகமாகப் பாதிக்கிறது என்று நான் எண்ணுகிறேன். ஒவ்வொரு முறை பந்து நகரும்போதும் யார் யார் களத்தில் இருக்கிறார்கள் என்பதைப் பயிற்சியாளர்கள் இரண்டு இலக்கங்களால் குறிப்பார்கள். முதல் இலக்கம் பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக்குகளின் எண்ணிக்கை, இரண்டாவது டைட் எண்டுகளின் எண்ணிக்கை. 11 என்றால் ஒரு டைட் எண்ட். 12 என்றால் இருவர். 10 என்றால் ஒருவரும் இல்லை.

ஜார்ஜியா 2020-ல் டாட் மாங்கனைத் தாக்குதல் ஆட்டத்தின் ஒருங்கிணைப்பாளராகக் கொண்டுவந்தது. அதற்கு முன் அங்கே பெயர்பெற்ற டைட் எண்டுகள் இல்லாமல் இல்லை, ஆனால் அவர்களிடம் பந்து போனது குறைவு. உயர்நிலைப் பள்ளியில் நாடே பேசிய ஐசக் நௌட்டா, அங்கே மூன்று ஆண்டுகள் ஆடிவிட்டு தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகள் ஆள் எடுக்கும் 2019 தேர்வில் ஏழாவது சுற்றில்தான் எடுக்கப்பட்டார். இப்படி ஒரு கணக்கு கண்முன் இருக்கும்போது, அடுத்த பையனின் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து பயிற்சியாளர் எதைச் சொன்னாலும் எடுபடாது.

மாங்கனுடைய அணியில் போவர்ஸ் 2021-ல் முதலாண்டு மாணவராகவே 56 பந்துகளைப் பிடித்து, 882 யார்டும், பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்க்கும் டச்டவுன் 13-ம் எடுத்தார். அவருடைய ஊரான கலிஃபோர்னியாவின் நாப்பாவிலிருந்து ஜார்ஜியா பல்கலைக்கழகம் இருக்கும் ஏதென்ஸ் நகருக்குச் சாலை வழியே ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர். அவருக்குப் பக்கத்தில் ஆறடி ஏழு அங்குல டார்னெல் வாஷிங்டனும் நின்றார். அவர் லாஸ் வேகஸிலிருந்து வந்தவர். இரண்டு டைட் எண்டுகளைச் சேர்த்து நிறுத்தினால் எதிரணி திணறும். ஓட்டத்தைத் தடுக்கக் கனமானவர்களை இறக்கினால் போவர்ஸ் அவர்களைத் தாண்டி ஓடுவார்; வேகமானவர்களை இறக்கினால் வாஷிங்டன் அவர்களை அப்புறப்படுத்துவார். ஆகவே இருவரும் ஒருவர் இடத்தை மற்றவர் பறிக்கவில்லை. 'ஏற்கெனவே ஒரு நல்லவன் இருக்கிறானே, நான் ஏன் போக வேண்டும்' என்று தயங்குகிற பையனுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேறு எதுவும் இல்லை. இதே ஃபோர்சைத் கவுண்டியில் வளர்ந்த ஆஸ்கர் டெல்ப், போவர்ஸ் இருக்கும்போதே 2022-ல் அங்கே போய்ச் சேர்ந்தார்.

போவர்ஸ் போன பிறகு, இந்தப் பருவத்தில் அங்கே டைட் எண்டைத் தேடிப் போகும் பந்துகள் குறைந்துவிட்டன என்று பையனின் அப்பா கவலைப்பட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

13 அக்டோபர் 2024, ஞாயிறு

பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டைட் எண்ட் டைலர் வாரன் நேற்று லாஸ் ஏஞ்சலஸில் 17 பந்துகளைப் பிடித்தார், 224 யார்டு. பென் ஸ்டேட் கூடுதல் நேரத்தில் 33-30 என்று சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தை வென்றது.

அவற்றில் ஒன்றை மட்டும் விவரமாக எழுதி வைக்கிறேன். வாரன் குனிந்து, மதிலின் நடுவில் நிற்கும் செண்டர் செய்யும் வேலையைத் தானே செய்து பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுத்தார். கொடுத்தவர் அப்படியே எழுந்து ஓடி, எல்லைக்கோட்டுக்கு அப்பால் உள்ள எண்ட் சோனுக்குள் அதே பந்தைப் பிடித்து டச்டவுன் எடுத்தார். செண்டர் பந்தைப் பிடிக்கலாமா என்று என் மகன் கேட்டான். வரிசையின் இரு முனைகளிலும் நிற்பவர்கள் பிடிக்கலாம் என்பதுதான் விதி. மற்ற தடுப்பாளர்கள் எல்லோரையும் ஒரே பக்கத்தில் அடுக்கிவிட்டதால், பந்தைக் கொடுத்தவரே வரிசையின் முனையில் நின்றார். எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பள்ளியில் வாரன் குவார்ட்டர்பேக்காக ஆடியவர். அவருடைய எல்லாத் திறமைகளையும் பயன்படுத்த வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் ஆண்டி கோட்டெல்னிக்கி திட்டமிட்டிருப்பது ஒவ்வோர் ஆட்டத்திலும் தெரிகிறது.

அங்கே வாரனுக்கு முன்பே மைக் கெசிக்கி, பேட் ஃபிரையர்முத், பிரெண்டன் ஸ்ட்ரேஞ்ச், தியோ ஜான்சன் என்று ஒரு வரிசையே என்.எஃப்.எல்.லுக்குப் போயிருக்கிறது. நேற்றைய காணொளித் துண்டு இந்நேரம் நாட்டிலுள்ள உயரமான பதினாறு வயதுப் பையன்கள் அத்தனை பேரின் கைப்பேசியிலும் இருக்கும். எதிர் வீட்டுப் பையன் இரவு பதினொரு மணிக்கு எனக்கும் அனுப்பியிருந்தான்.

27 அக்டோபர் 2024, ஞாயிறு

இதுவரை எழுதியதைப் படித்தால், நிறையப் புள்ளி எடுக்கும் அணிக்குத்தான் நல்ல டைட் எண்டுகள் போவார்கள் என்று தோன்றும். அயோவா பல்கலைக்கழகத்தைப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. அதை நினைவில் வைத்துக்கொள்ளத்தான் இன்று எழுதுகிறேன்.

2022-ல் அயோவாவின் தாக்குதல் ஆட்டம் யார்டு கணக்கில் நாட்டின் 131 அணிகளில் 130-வது இடத்தில் இருந்தது. ஒருங்கிணைப்பாளராக இருந்தவர் தலைமைப் பயிற்சியாளரின் மகன் பிரையன் ஃபெரென்ட்ஸ். அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 25 புள்ளிகளாவது எடுக்க வேண்டும் என்று அவருடைய ஒப்பந்தத்திலேயே அடுத்த ஆண்டு ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்கள். அவ்வளவு மோசமான அந்தப் பருவத்தில் அதன் டைட் எண்ட் சாம் லபோர்ட்டா 58 பந்துகளைப் பிடித்து, 2023 தேர்வில் 34-வது ஆளாக டெட்ராய்ட் அணிக்குப் போனார். அங்கே முதல் ஆண்டிலேயே 86 பந்துகளைப் பிடித்து, முதலாண்டு டைட் எண்டுகளில் அதுவரை எவரும் தொடாத எண்ணிக்கையைத் தொட்டார். அவருக்கு முன் 2019-ல் டி.ஜே. ஹாக்கன்சன் எட்டாவதாகவும் நோவா ஃபேண்ட் இருபதாவதாகவும் தேர்வாகினர். ஒரே கல்லூரியின் இரண்டு டைட் எண்டுகள் ஒரே ஆண்டின் முதல் சுற்றில் போனது அதுவே முதல் முறை.

கர்க் ஃபெரென்ட்ஸ் 1999-லிருந்து அங்கே தலைமைப் பயிற்சியாளர். இத்தனை ஆண்டுகளாக அவருடைய அணி எப்படி ஆடும் என்பது மாறவே இல்லை: ஓட்டம் முதலில், டைட் எண்ட் எப்போதும் களத்தில், குவார்ட்டர்பேக் நெருக்கடியில் முதலில் தேடுவது அவரைத்தான். புள்ளி வருகிறதோ இல்லையோ, அந்த வேலை அங்கே நிலையாக இருக்கிறது. தடுக்கவும் கற்றுக்கொடுக்கிறார்கள். ஜார்ஜ் கிட்டில் அயோவாவில் இருந்த காலம் முழுவதும் பிடித்தவை 48 பந்துகள்தான். ஐந்தாவது சுற்றில் எடுக்கப்பட்டார். இன்று ஒரு டைட் எண்ட் எப்படித் தடுக்க வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் காட்டுவது அவரைத்தான். பெரிய கல்லூரிகள் சீண்டாத பையன்கள் அயோவாவை நம்பிப் போவதற்குக் காரணம் விளம்பரமன்று. ஒரு பையன் கேட்க வேண்டியது 'எத்தனை புள்ளி எடுக்கிறீர்கள்' என்பதன்று. 'உங்கள் அணியில் என் இடத்துக்கு என்ன வேலை, அது நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் இருக்குமா' என்பதைத்தான் அவன் கேட்க வேண்டும்.

30 நவம்பர் 2024, சனி

நேற்றிரவு ஏதென்ஸில் ஜார்ஜியாவும் ஜார்ஜியா டெக்கும் எட்டுக் கூடுதல் நேரங்கள் ஆடின. ஜார்ஜியா 44-42 என்று வென்றது. தொண்டை கட்டிவிட்டது.

டெக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு டேரன் வாலரின் நினைவு வரும். 2008 முதல் 2018 வரை பால் ஜான்சன் அங்கே டிரிப்பிள் ஆப்ஷன் முறையில் ஆடவைத்தார். குவார்ட்டர்பேக் ஓடிக்கொண்டே பந்தை யாரிடம் விடுவது என்று முடிவு செய்யும் முறை அது. அதில் ஓடுபவர்களுக்கு இடம் உண்டு, இரு ஓரங்களிலும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களுக்கு இடம் உண்டு, டைட் எண்டுக்கு இடமில்லை. இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத காப் கவுண்டியில் வளர்ந்த, ஆறடி ஆறு அங்குல உயரமுள்ள வாலர் அங்கே ரிசீவராகவே ஆடி, 2015-ல் ஆறாவது சுற்றில் எடுக்கப்பட்டார். என்.எஃப்.எல்.லில்தான் அவரை டைட் எண்டாக மாற்றினார்கள். 2020-ல் ரெய்டர்ஸ் அணிக்காக 107 பந்துகளைப் பிடித்தார். அப்படிப்பட்டவர் நான்கு ஆண்டுகள் அட்லாண்டாவிலேயே இருந்தார், அந்தக் கல்லூரியில் அவருக்கு உரிய இடமே இருக்கவில்லை.

ஜான்சன் ஓய்வு பெற்று 2019-ல் முறை மாறியபோது டெக் அணிக்கு உடனே ஒரு டைட் எண்ட் தேவைப்பட்டார். கனெக்டிகட் பல்கலைக்கழகத்திலிருந்து பட்டம் முடித்து வந்த டைலர் டேவிஸைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஒரே ஆண்டு ஆடிவிட்டு அவர் என்.எஃப்.எல்.லுக்குத் தேர்வானார். ஒரு முறையை விட்டு மறு முறைக்கு வரும் கல்லூரி, பள்ளிப் பையன் வளர்வதற்குக் காத்திருப்பதில்லை.

2 டிசம்பர் 2024, திங்கள்

பையன் ஒப்புக்கொண்ட கல்லூரியில் தலைமைப் பயிற்சியாளரை நீக்கிவிட்டார்கள். பள்ளிப் பையன்கள் கல்லூரிகளுடன் ஒப்பந்தம் செய்துகொள்ளும் கையெழுத்து நாளுக்கு இரண்டே நாள்கள். அவனிடம் தொடர்ந்து பேசிவந்த டைட் எண்ட் பயிற்சியாளர் தொலைபேசியை எடுக்கவில்லை.

4 டிசம்பர் 2024, புதன்

கையெழுத்து நாள். கேம்டன் கவுண்டியின் டைட் எண்ட் எலையஸ் வில்லியம்ஸ் ஜார்ஜியாவில் சேர்ந்துவிட்டார். இன்னொரு வாஷிங்டன் என்று எல்லோரும் பேசுகிறார்கள். போவர்ஸும் வாஷிங்டனும் ஆடிய ஆட்டம் இன்னும் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

எதிர் வீட்டில் கையெழுத்து இல்லை. பிப்ரவரியில் வரும் அடுத்த கையெழுத்து நாள் வரை பொறுப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். அப்பாவின் அச்சம் நியாயமானது: அடுத்த வாரம் கல்லூரி ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரிக்கு மாறக்கூடிய இடமாற்றச் சாளரம் திறக்கிறது, தடுக்கத் தெரிந்த, இருபத்தொரு வயது டைட் எண்ட் ஒருவர் வேறு கல்லூரியிலிருந்து கிடைக்கும்போது பதினெட்டு வயதுப் பையனுக்கு எவர் இடம் வைத்திருப்பார்? ஜார்ஜியாவே இந்த ஆண்டு பென் யூரோசெக்கை ஸ்டான்ஃபோர்டிலிருந்து அப்படித்தான் கொண்டுவந்தது.

19 ஜனவரி 2025, ஞாயிறு

பையன் கோடையில் ஒப்புக்கொண்ட கல்லூரியின் புதிய ஒருங்கிணைப்பாளர் பேசினாராம். நான்கு ரிசீவர்களைப் பரப்பி நிறுத்தும் முறை அவருடையது. பயிற்சியாளர் மைக் லீச் பரப்பிய, பந்தை எறிவதையே பெரிதும் நம்பும் ஏர் ரெய்டு வழியில் வந்தது. அந்த வழியில் டைட் எண்டுக்கு இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பயிற்சியாளர் லிங்கன் ரைலி ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் அதைத் தனக்கேற்ப மாற்றிக்கொண்டதால்தான் மார்க் ஆண்ட்ரூஸ் 2017-ல் நாட்டின் சிறந்த டைட் எண்டுக்கான மேக்கி விருதை வாங்கினார். ஆனால் இவர் மாற்றிக்கொள்வதாக இல்லை. உதவித்தொகை அப்படியே இருக்கிறது, இருபது கிலோ எடை கூட்டி மதிலில் ஒருவனாக நின்றுகொள் என்றாராம். பையன் மரியாதையாக நன்றி சொல்லி மறுத்துவிட்டான். எனக்கு அவர்மீது கோபமில்லை. அவருடைய ஆட்டத்துக்கு வேண்டியதை அவர் மறைக்காமல் சொன்னார். கோடையில் வாக்குக் கொடுத்தவர்கள்மீதுதான் வருத்தம்.

5 பிப்ரவரி 2025, புதன்

முந்தைய கல்லூரியைவிடச் சிறிய ஒரு கல்லூரிக்குப் பையன் இன்று பள்ளி நூலகத்தில் கையெழுத்திட்டான். போன ஞாயிறன்று அவன் எங்கள் வீட்டுக்கு வந்து, அவர்கள் போன பருவத்தில் ஆடிய ஓர் ஆட்டத்தின் பதிவை எங்கள் தொலைக்காட்சியில் முழுதாகப் போட்டுக் காட்டினான். மடியில் கோடு போட்ட நோட்டு. இரண்டு டைட் எண்டுகள் நிற்கும் 12 வரும்போதெல்லாம் ஒரு கோடு போட்டான். ஐந்தாவது கோட்டை முந்தைய நான்கின் மேல் குறுக்கே இழுத்தான். என் மனைவி கொடுத்த காபி ஆறிப்போனது. கடைசியில் எண்ணிப் பார்த்தோம், 38 கோடுகள். பிறகு அவன் திரையை நிறுத்தி எழுந்து போய், வரிசையின் வலது ஓரத்தில் குனிந்து நின்றிருந்த ஒருவரின் மேல் விரலை வைத்து, அவருக்கு இது கடைசி ஆண்டு என்று சொன்னான்.