மணிமங்கலம் ஏரிக்கரையில் ஒரு காலை

2015 டிசம்பர் வெள்ளத்தில், சென்னைப் புறநகரான முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். “மணிமங்கலம் ஏரித் தண்ணி” என்று தெருவே சொன்னது. அந்த ஏரியை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்ற எண்ணம், போன மார்கழியில்தான் கைகூடியது. தாம்பரத்திலிருந்து மேற்கே கொஞ்ச தூரம்தான்.

தர்மேஸ்வரர் கோயிலின், படுத்த யானையின் முதுகுபோல் வளைந்த தூங்கானை மாட விமானத்தைச் சுற்றிவிட்டு ராஜகோபாலப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். அங்கே சுவரைவிட்டு நகர முடியவில்லை. அச்சான பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சோழர் கல்வெட்டுகளை எழுத்துக்கூட்டினேன். இரண்டாம் ராஜேந்திரன் கொப்பத்தில் சாளுக்கியரை வென்ற கதை நீண்டுகொண்டே போகிறது. அத்தனை வீரமும் ஓய்ந்தபிறகுதான் ஊர் வருகிறது: செங்காட்டுக் கோட்டத்து மாகனூர் நாட்டு மணிமங்கலம். கோட்டமும் நாடும் அந்தக் காலத்து மாவட்டம், வட்டம் மாதிரி. எனக்கு அந்த விலாசம்தான் மெய்சிலிர்க்க வைத்தது.

ஊர் அதற்கும் மூத்தது. நரசிம்மவர்ம பல்லவன் சாளுக்கிய மன்னன் புலிகேசியை முறியடித்த களங்களில் ஒன்றாக மணிமங்கலத்தைப் பல்லவர் காலத்துக் கூரம் செப்பேடு சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டுச் சண்டை அது. யானை, குதிரையோடு ஒரு படை வந்து இறங்கிய இடத்தில் தண்ணீரும் நெல்லும் இருந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

வற்றாத ஆறு இல்லாத சீமை இது. ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைத்தால்தான் சோறு. சரிவை மறித்து ஒரு மண்கரை, அதில் மதகு, நிரம்பி வழிய ஒரு கலங்கல். கரைக்குக் கீழே வயல், மேட்டில் வீடுகள் நிற்கும் நத்தம். தொண்டைமண்டலத்து ஊர்கள் பலவும் இப்படித்தான் உருவாயின. கோட்டம் போய்விட்டது, நாடு போய்விட்டது; நத்தம் மட்டும் இன்றும் பட்டாவில் நிற்கிறது.

கரையில் மம்பட்டியோடு நின்ற பெரியவரிடம், “இந்த வருசம் எப்படிங்க ஐயா?” என்றேன்.

“கலங்க போயிடுச்சு தம்பி. நவரை நெல்லுக்குக் கவலயில்ல. நீ எந்த ஊரு?”

முடிச்சூர் என்றதும் என் முகத்தையே பார்த்தார். “உங்களுக்குத்தான் ரொம்ப கஷ்டம் அப்போ. நாங்களும் ராத்திரியெல்லாம் கரையிலதான் கெடந்தோம், மண்ணுமூட்ட போட்டுக்கினு.”

அந்த ராத்திரி நான் மொட்டைமாடியில் இருந்தேன். அவரிடம் சொன்னேன். தலையசைத்துவிட்டு மடை திருப்ப இறங்கினார். நான் கலங்கல் வரை நடந்து போனேன். மெல்லியதாக வழிந்துகொண்டிருந்த தண்ணீர், அடையாற்றைத் தேடி எங்கள் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.