ஒரே ஃபைலாக இருந்தால் ஃப்ளாட் ஃபைலா?

ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டதில் எனக்கு ஒரு வாரம் போனது. எங்கள் வாசகசாலைத் தகவலைப் புது மென்பொருளுக்கு மாற்ற, அந்த நிறுவனம் "ஃப்ளாட் ஃபைல் அனுப்புங்கள்" என்று ஒரே வரி எழுதியது. எங்களிடம் இருந்தது எஸ்கியூலைட், அதாவது தகவலை டேபிள்களாக (அட்டவணைகளாக) வைத்துக்கொள்ளும் ஒரு டேட்டாபேஸ்: உறுப்பினர், புத்தகம், இரவல் என மூன்று டேபிள், எல்லாம் ஒரே ஃபைலுக்குள். ஒரே ஃபைல்தானே கேட்கிறார்கள் என்று அதை அப்படியே அனுப்பிவிட்டேன். நான்கு நாள் கழித்து "திறக்கவில்லை" என்று பதில். காரணம் கேட்டும் சொல்லவில்லை.

எத்தனை ஃபைல் என்பதற்கும் ஃப்ளாட் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. வரிக்கு ஒரு பதிவு, அதை வேறு டேபிளோடு கோக்கும் ஏற்பாடு எதுவும் ஃபைலுக்குள் கிடையாது, சிஎஸ்வி (தகவல்களைக் கமா போட்டுப் பிரித்து எழுதிய சாதாரண எழுத்து ஃபைல்) மாதிரி, அவ்வளவுதான். எஸ்கியூலைட் மாதிரியானவற்றை ரிலேஷனல் டேட்டாபேஸ் என்பார்கள்; அந்த ரிலேஷனல் என்ற சொல்லும் இப்படித்தான். டேபிள்களுக்கு இடையிலான உறவு என்று பல வருடம் நினைத்திருந்தேன். 1970-இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் எழுதிய கட்டுரையில் ரிலேஷன் என்பது கணிதச் சொல், கிட்டத்தட்ட டேபிளையே குறிக்கிறது.

சரி என்று மூன்று டேபிளையும் ஜாயின் செய்து, அதாவது ஒன்றோடொன்று பொருந்தும் வரிகளைச் சேர்த்து, ஒரு சிஎஸ்வி எடுத்தேன். எண்ணிப் பார்த்தால், இதுவரை ஒரு புத்தகமும் எடுக்காத உறுப்பினர் யாருமே அதில் இல்லை. உறுப்பினர் டேபிளை முதலில் வைத்து லெஃப்ட் ஜாயின் (பொருந்தும் வரி இல்லாவிட்டாலும் முதல் டேபிளின் எல்லா வரியையும் விடாமல் எடுப்பது) போட்டதும் அவர்கள் வந்தார்கள், ஆனால் யாரும் தொடாத புத்தகங்கள் அப்போதும் வரவில்லை. வேறு வழியில்லாமல் போன் செய்து, டேபிளுக்கு ஒன்றாக மூன்று சிஎஸ்வி தரலாமா என்று கேட்டேன். "தாராளமாகத் தரலாமே" என்றார்கள். இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா! நீங்களாவது எத்தனை ஃபைல், தகவல்களைப் பிரிப்பது கமாவா டேபா, எழுத்துகளைச் சேமிக்கும் குறியீடு யூடிஎஃப்-8 தானா என்று முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் இன்னொன்று. எடுத்த சிஎஸ்வியைச் சரிபார்க்க எக்செலில் நேராகத் திறந்து சேவ் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்தேன்; உறுப்பினர் எண் 00417 வெறும் 417 ஆனது, 13 இலக்க ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் அடையாள எண்) எல்லாம் 9.78E+12 என்று சுருங்கிப் பதிவாகிவிட்டது. மூல டேட்டாபேஸ் கையில் இருந்ததால் திரும்ப எடுக்க முடிந்தது. இரண்டாம் முறை நோட்பேடில் மட்டும் பார்த்தேன், வரிகளை எண்ணி டேபிளோடு ஒப்பிட்டு அனுப்பினேன்.

நேற்று புது மென்பொருளில் 00417 என்று தட்டியதும், முன்னால் உள்ள இரண்டு பூஜ்ஜியத்தோடு அந்த அம்மாவின் பெயர் வந்தது. அப்போதுதான் மூச்சே வந்தது.