தானாகவே சரியாகியிருக்கும்

நான் சொன்னது உண்மை என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. அந்த இரவில், அந்த அம்மாவிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டுமா என்பதில்தான் மனம் ஒரு முடிவுக்கு வர மறுக்கிறது. "என் பையனுக்குக் காமாலை வந்தப்போ கீழாநெல்லி அரைச்சு மோர்ல கலந்து கொடுத்தேன், சிஸ்டர். பத்தியமும் இருந்தான், சரியாயிடுச்சு. இவருக்கும் அதையே கொடுத்துப் பார்க்கட்டுமா?" என்று கணவரின் கட்டிலருகே நின்று கேட்டார். "உங்க பையனுக்கு அது தானாகவே சரியாகியிருக்கும்மா" என்றேன். விடிந்தபோது கட்டில் காலியாக இருந்தது; அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள்.

அந்தப் பையனுக்கு வந்தது பெரும்பாலும் அசுத்தமான தண்ணீர் வழியே பரவும் ஹெபடைடிஸ் ஏ வைரஸாக இருந்திருக்கும். அது பலருக்கும் சில வாரங்களில் தானே அடங்கிவிடும். அந்த வாரங்களில் எதைக் குடித்திருந்தாலும் குணமான பெருமை அதற்கே போய்ச் சேரும். கணவரின் காமாலை அந்த வகையன்று. காய்ச்சலும் வலியும் இல்லை. ஆனால் இரவெல்லாம் உடலைச் சொறிந்துகொண்டிருந்தார், இடுப்பில் வேட்டி நிற்காத அளவுக்கு இளைத்திருந்தார், சிறுநீர் அடர்பழுப்பாகவும் மலம் வெளிறியும் போயின. மலத்துக்கு நிறம் தருவது பித்தம். அது குடலுக்குள் இறங்க வழியில்லாதபோது, அதிலுள்ள மஞ்சள் நிறமியான, நீரில் கரையும் பிலிருபின் இரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீரில் வெளியேறுகிறது. அவர் இரத்தத்தில் மொத்த பிலிருபின் 14, அதில் 'நேரடி' எனப்படும் இந்த நீரில் கரையும் வகை மட்டும் 11. பித்தநாளம் விரிந்திருப்பதை ஸ்கேன் காட்டியிருந்தது. அடைத்திருப்பது கல்லா, கணையத்தின் தலைப்பகுதியில் கட்டியா என்று அறிய மறுநாள் சி.டி. ஸ்கேன் எடுக்க இருந்தார்கள். அடைப்பு நீடித்தால் வைட்டமின் கே உடலில் சேராமல் இரத்தம் உறைவது தாமதப்படும். தேங்கிய பித்தத்தில் கிருமி சேர்ந்தால் குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இவ்வளவும் தெரிந்த நான் "கொடுத்துப் பாருங்கள்" என்று எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

ஆனால் அவர் என்னிடம் கேட்டது மருந்தைப் பற்றி மட்டும்தானா என்று பின்னர் தோன்றத் தொடங்கியது. மகனின் தலைமாட்டில் விழித்திருந்து, அரைத்து, வடிகட்டி, உப்பில்லாச் சோறு ஊட்டி அவனை மீட்டவர் அவர். அந்த உழைப்பு முழுவதையும் ஒரே வாக்கியத்தில் வேண்டாததாக ஆக்கிவிட்டேனோ? "அது வேறு காமாலை, இது வேறு" என்று மட்டும் சொல்லியிருந்தால் தங்கியிருப்பார்களோ? அப்படியும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதமாக எடுத்துச் சொன்ன பிறகும் எழுந்து போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மருத்துவர் அதட்டிய பிறகு அடங்கித் தங்கிப் பிழைத்தவர்களும் உண்டு. செலவோ, கட்டி என்ற சொல் காதில் விழுந்த பயமோகூட அவர்களை அழைத்துச் சென்றிருக்கலாம்.

பதிவேட்டில் இருந்த எண்ணுக்குப் பின்னர் அழைத்தபோது அந்த மகன்தான் எடுத்தார். "அப்பாவுக்கு மஞ்சள் குறைஞ்சுட்டு வருது, சிஸ்டர். அம்மா மருந்து கொடுக்கிறாங்க" என்றார். கல் சற்று நகர்ந்தாலும் மஞ்சள் குறையும். பித்தநாளம் குடலில் திறக்கும் இடத்தில் வரும் கட்டியிலும் சில காலம் குறைந்து மீண்டும் ஏறும். மலம் என்ன நிறத்தில் போகிறது என்று கேட்டேன். அதைக் கவனிக்கவில்லை என்றார். கவனிக்கும்படியும், குளிர்நடுக்கம் வந்தால் அந்த நேரத்திலேயே அழைத்து வரும்படியும் சொன்னேன். கீழாநெல்லியை நிறுத்தச் சொல்லவில்லை.