பச்சை ஓக்கில் எழுந்த வீடுகள்

கான்கிரீட் கட்டடங்களுக்குக் கணக்குப் போட்டுப் பழகியவன் நான். பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலைக்காக இங்கிலாந்தின் கென்ட், சஸெக்ஸ் கிராமங்களுக்குப் போகத் தொடங்கியபோது, தூக்குக்குண்டையும் ரசமட்டத்தையும் ரொம்ப நம்பக்கூடாது என்பதுதான் முதலில் புரிந்தது. 15ஆம் நூற்றாண்டு மரச்சட்ட வீடுகளில் நேரான தூணைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

காரணம் ஓக் மரம். காய்ந்த ஓக்கில் உளி இறங்குவது பெரும்பாடு. அதனால் அன்றைய தச்சர்கள் வெட்டிய மரத்தைப் பச்சையாகவே இழைத்தார்கள். வீட்டில் ஆட்கள் குடியேறிய பிறகுதான் அது மெல்லக் காய்ந்து, சுருங்கி, முறுக்கிக்கொண்டது. தச்சர்கள் இதை எதிர்பார்த்தே வேலை செய்தார்கள். பொருத்தில் மர முளை அடிப்பதற்கான துளைகளை நேருக்கு நேராகப் போடாமல் துளி விலக்கிப் போட்டார்கள். கொட்டாப்புளியால் முளையை அடித்து இறக்கும்போது இரண்டு மரங்களும் இழுபட்டு இறுகிவிடும். இந்தச் சின்ன விலகலை இன்றும் வியந்து பார்க்கிறேன்.

பரணில் ஏறினால் எனக்கு நேரம் போவதே தெரியாது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் பொருத்துகளின் அருகே கீறல்கள் தெரியும். ரோமன் எண்கள், நான்குக்குப் பெரும்பாலும் நான்கு கோடுகள். தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, எண்ணிட்டு, பிரித்து, மனையில் மறுபடி கூட்டியதன் அடையாளம் அது. நடுப்பகுதிக் கைமரங்களில் மட்டும் கரி அப்பியிருந்தால், கீழே ஒரு காலத்தில் கூரைவரை திறந்த கூடம் இருந்தது என்று பொருள். தரை நடுவில் அடுப்பு எரியும், புகைபோக்கி கிடையாது, புகை கூரை வழியே வெளியேறும். செங்கல் புகைபோக்கியும் கூடத்துக்கு மேல் மாடியும் பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தவை.

இத்தனையும் தாங்கிய வீடுகளை எங்கள் காலத்து சிமென்ட் கெடுத்ததைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது. இங்கே சுவர் எடை தாங்குவதில்லை. தூண்களுக்கு நடுவே குச்சி முடைந்து, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பி, சுண்ணாம்பு அடித்த அடைப்பு, அவ்வளவுதான். மழையில் ஈரம் ஏறும், காற்றில் இறங்கிவிடும். 20ஆம் நூற்றாண்டில் நல்லெண்ணத்தோடுதான் பலர் அதன் மேல் சிமென்ட் பூசினார்கள். மரம் அசையும்போது சிமென்ட் விரிசல் விடும். விரிசலில் நுழைந்த தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. அப்படி ஒரு பூச்சைப் பெயர்த்தபோது, தூணின் அடிப்பாகம் ஊறிய ரஸ்க் போல என் விரலோடு வந்துவிட்டது. ஓர் அடி மேலே உளி வைத்தால் கணீரென்று சத்தம்.

அப்போது தூணையே மாற்றச் சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்வதில்லை. மக்கிய அடியை மட்டும் அறுத்து, புது ஓக்கைச் சரிவாகச் செதுக்கி ஒட்டுப்போட்டு, முளையடித்தால் போதும். பழையதை அழித்துப் புதுப்பிக்காமல் பேணுங்கள் என்று 1877இல் வில்லியம் மாரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் சொன்ன வழிதான் இது. சஸெக்ஸின் ஆல்ஃப்ரிஸ்டனில் இடியும் நிலையில் இருந்த, திறந்த கூடம் கொண்ட 14ஆம் நூற்றாண்டு வீட்டை, பழைய இடங்களைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 1896இல் 10 பவுண்டுக்கு வாங்கியது. அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடம் அதுதான். இன்றும் போய்ப் பார்க்கலாம்.

வீட்டுக்காரர்கள் மரச்சட்டத்துக்குக் கறுப்பு அடிக்கலாமா என்று கேட்பார்கள். கறுப்பு வெள்ளைக் கோலம் பெரும்பாலும் விக்டோரியா காலத்து மோகம். வெறும் ஓக் வெயிலில் வெளுத்து வெள்ளிச் சாம்பல் நிறமாகும். எனக்கு அதுவே அழகு. சாய்வை நிமிர்த்தவும் நான் விடுவதில்லை. பொருத்துகள் அந்தச் சாய்விலேயே இறுகிப்போயிருக்கின்றன. ஜாக்கி வைத்துத் தள்ளினால் முளைகள் முறியும்.

புதுச் சுண்ணாம்புப் பூச்சைப் பனி உறையும் மாதங்களில் தொடுவதில்லை. இறுகுமுன் உறைந்தால் உதிர்ந்துவிடும். அதுவரை தார்ப்பாய் கட்டிவிட்டு, தச்சுவேலையை மட்டும் நடத்துவோம்.