வீசல் மண்டையோட்டை வெளிச்சத்தில் பிடியுங்கள்

நேற்று முடிவு வந்தது. வனவிலங்கு ஒட்டுண்ணியியலில் தேறிவிட்டேன். பிரிட்டனில் இந்த முதுகலைப் படிப்புக்கு வரவிருக்கும் தம்பி தங்கைகளுக்காகச் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

என்னைக் கரையேற்றியது ஒரே ஒரு ஸ்பாட்டர் (மேசையில் வைத்து இனங்காணச் சொல்லும் மாதிரி): வீசல் குடும்பத்துச் சிறு ஊனுண்ணியான ஸ்டோட்டின் மண்டையோடு. குப்பி இல்லை, ஸ்லைடு இல்லை, காய்ந்த எலும்பு மட்டும். வீசல், ஸ்டோட் போன்றவற்றின் நெற்றிக் காற்றறையில் வாழும் உருளைப்புழுவான ஸ்க்ர்யாபிங்கைலஸ் நாசிகோலாவின் வால் அமைப்பை எல்லோரும் உருப்போட்டு வந்திருந்தார்கள். எங்களுக்குக் கொடுத்த கையேட்டில் எலும்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பெயரை யோசிப்பதற்கு முன்பே மண்டையோட்டை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். கண்குழிகளுக்கு மேலே, நெற்றிக் காற்றறை இருக்கும் இடத்தைப் பாருங்கள். எனக்கு வந்ததில் இடப்பக்கம் புடைத்து, எலும்பு வெங்காயச் சருகாக மெலிந்து, ஒளி ஊடுருவியது. ஓரம் கரடுமுரடான இரண்டு துளைகள். வலப்பக்கம் துளை இல்லை, கருத்த திட்டு மட்டும். உயிரோடு இருந்தபோது அங்கேதான் சிவந்த புழுக்கள் சுருண்டு கிடந்திருக்கும். துளை இல்லாததாலேயே புழு இல்லை என்று எழுதிவிடாதீர்கள். லேசான தொற்று எலும்பில் தடம் விடாது. அருங்காட்சியக மண்டையோடுகளை எண்ணிச் சொல்லும் தொற்று விகிதம் எப்போதும் குறைந்தபட்சம்தான்.

வாய்மொழித் தேர்வுக்கு அட்டவணை வேண்டாம், புழு போகும் வழியிலேயே போங்கள். எச்சத்தில் வெளியேறும் இளம்புழு நத்தையின் பாதத்தைத் துளைத்து உள்ளே போய், அடுத்த விலங்கைத் தொற்றக்கூடிய மூன்றாம் நிலைக்கு வளர்கிறது. வீசல் நத்தையைப் பெரிதாகச் சீண்டாது. நத்தையைத் தின்ற காட்டெலியிலும் வோல் என்னும் குட்டைவால் எலியிலும் இளம்புழு வளராமல் காத்திருக்கிறது. அந்த எலியை வீசல் பிடித்துத் தின்றதும் இளம்புழு வீசலின் குடலைத் துளைத்து, தண்டுவடத்தை அடைந்து, அதன் வழியே மூளைக்கு ஏறி, மோப்ப நரம்புகளை ஒட்டி மூக்குக்குள் இறங்குகிறது. தண்டுவடத்தைச் சொல்லாமல் எழுந்து வராதீர்கள். இந்தப் பாடத்தில் எனக்கு மெய்சிலிர்த்த இடமும் அதுதான்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. சேகரிப்பு அறையில் தனியாக உட்கார்ந்து இழுப்பறை இழுப்பறையாகப் பாருங்கள்.

மடக்கும் கேள்விகள்:
– போல்கேட் (வீசலின் உறவு விலங்கு) மண்டையோடு என்றால் ட்ரோக்லோட்ரீமா அக்யூட்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது தட்டைப்புழு, தவளை வழியாக வருவது.
– ஸ்க்ர்யாபிங்கைலஸ் பேரினத்தில் ஸ்கங்குக்கு சிட்வுடோரம், வீசலின் உறவான மார்ட்டனுக்கு பெட்ரோவி. ஸ்கங்க் இப்போது வீசல் குடும்பத்தில் இல்லை.
– நியூசிலாந்து. முயலை ஒழிக்க 1880களில் ஸ்டோட்டைக் கொண்டுபோனார்கள், புழுவும் கூடவே போனது. அங்கே வோல் கிடையாது. இளம்புழுவைச் சுமக்கும் எலியாகச் சுண்டெலியைச் சொல்லுங்கள்.

கடைசியாக, "இந்த விலங்கு எதனால் செத்தது?" என்று மண்டையோட்டை நீட்டிக் கேட்பார்கள். துளையைக் காட்டிப் பழியைப் புழுவின் மேல் போடாதீர்கள். நெற்றி எலும்பு இப்படிச் சிதைந்த விலங்குகள் கொழுகொழுவென்று பொறியில் சிக்குவது உண்டு.